ஆடி வெள்ளியில் பட்டினி கிடந்த பாம்பு

போன வருஷம் ஆடி மாதம், நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. காலேஜ் படிக்கும் என் மகள் ஒரு மலைப்பாம்புக் குட்டி வளர்க்கிறாள். வெளிநாட்டு இனம், விஷமில்லாதது, முறைப்படி பதிவு செய்தது. படிக்கும்போதே உடம்பு கூசுகிறதா? எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது.

அதற்கு எங்கே வைத்துச் சாப்பாடு போடுவது என்பதே வீட்டில் பெரிய பஞ்சாயத்து. சமையலறைப் பக்கம் எலி வரவே கூடாது என்றேன் நான். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கும் அறையில் ஆகாது என்றார் கணவர். கடைசியில் பெட்டியை ஹால் மூலையில் வைத்தோம். அதுதான் வினையாகிப் போனது.

விஷயம் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. புற்றைத் தேடிப் போகிற பெண்களெல்லாம் ஆடி வெள்ளியன்று பாலும் முட்டையும் மஞ்சள் குங்குமமுமாக எங்கள் ஹாலுக்கே வந்துவிட்டார்கள். பாம்பு பால் குடிக்காது என்று மகள் தொண்டை வறளக் கத்தினாள், யார் கேட்டது? கன்னத்தில் போட்டுக்கொண்டு கற்பூரம் வேறு ஏற்றினார்கள். அடுத்தடுத்த நாட்களில் மந்தாரக்குப்பத்திலிருந்துகூட ஆள் வந்தது. சாமி காரியமாயிற்றே, விரட்ட எனக்கு மனசு வரவில்லை.

பாவம் பாம்பு, மிரண்டு சுருண்டு படுத்துவிட்டது. வாரக்கணக்கில் எலியைத் தொடவில்லை. அமைதியான இடம் இல்லாவிட்டால் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார் கணவர். மகள் அழுத அழுகையைப் பார்த்து, பாம்பென்றாலே நடுங்குகிற நானும் அழுதேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார். மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்.

“எதுக்கு ரெண்டு பேரும் அழுதுகினு இருக்கீங்க? பெட்டியோட எங்க வூட்டுக்குத் தூக்கியாங்க. அங்க யாரும் பாம்பைக் கும்புட வர மாட்டாங்க.”

“உங்களுக்குப் பயமில்லையாக்கா?”

“பயந்தான். ஏவாளையே ஏமாத்துன ஆளாச்சே! அதுக்காகப் பட்டினியா போட முடியும்?”

அவர் வீட்டுப் பின்னறையில், திரையை இழுத்துவிட்டுப் பெட்டியை வைத்தோம். சில நாள் விட்டு மகள் எலியை வைத்தாள். கதவிடுக்கில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சட்டென்று பாய்ந்து கவ்வியது பாருங்கள்! “தின்னுது, தின்னுது!” என்று கிசுகிசுத்தபடியே அக்கா என் கையை நசுக்கிவிட்டார். மகள் அவரைக் கட்டிக்கொண்டு முத்தமே கொடுத்துவிட்டாள்.

பெட்டி இன்றும் அங்கேதான் இருக்கிறது. அது சாமியா சாத்தானா என்று இரண்டு வீட்டிலும் இன்னும் முடிவாகவில்லை. ஆனால், பயந்துகொண்டே அதற்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்த அக்காவைப் பார்க்கும்போதெல்லாம், எதிர்வீட்டில் இப்படியொரு மனுஷி இருக்க நமக்கென்ன குறை என்று மனசு நிறைந்துவிடுகிறது.