ஜூனில் பார்த்த வீதி

கதிர்காமநாதனை அலுவலகத்தில் நேதன் என்று கூப்பிடுவார்கள். பெயரின் கடைசித் துண்டை அவர்களாக எடுத்து வைத்துக்கொண்டது. பதினொரு வருடமாக அவர் அதைத் திருத்தவில்லை. திருத்துவதற்கும் தெம்பு வேண்டும்.

வயது அறுபத்தொன்று. தொழில் எண்ணெய். ஓமானில் பதினாறு வருடம், புருணையில் ஐந்து, பிறகு ஒக்லாந்து. எங்கே போனாலும் இவர் போய்ச் சேர்ந்த கொஞ்சக் காலத்தில் கிணறுகள் வற்றத் தொடங்கிவிடும். "நீங்கள் கால் வைச்சாப் போதும்" என்பாள் மனைவி கௌரி. முதலில் பகிடிக்குத்தான் சொன்னாள்.

இந்த முறை வயல் புதிது. தரனாக்கிப் பகுதியில், பால்பண்ணைகளுக்கு நடுவே மூன்று கிணறுகள். நாளுக்கு எவ்வளவு எண்ணெய் எடுப்பது, எதில் சேர்ப்பது, எப்படிக் கொண்டுபோவது என்று இரண்டு வருடத்துக்கான திட்டத்தை ஒக்லாந்தில் ஒன்பதாவது மாடியில் இருந்துகொண்டு அவர் எழுதினார். அந்த மண்ணின் எண்ணெயில் மெழுகு அதிகம். சூடு இருக்கும்வரைதான் எண்ணெய். ஆறினால் சப்பாத்துப் பொலிஷ் மாதிரி இறுகிவிடும். எடுத்ததை அன்றன்றே பவுசர் லொறிகளில் ஏற்றிக் கரையிலுள்ள பெரிய தாங்கிகளுக்கு அனுப்பிவிட வேண்டும். தேங்கினால் கிணற்றை மூட வேண்டும். மூடினால் குழாய்க்குள்ளேயே மெழுகு பிடித்துவிடும். திரும்பத் திறக்க ஒரு கிழமை செல்லும்.

காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரைதான் பவுசர் ஓட அனுமதி. ஒரு நடைக்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம். ஆகவே ஒரு பவுசருக்கு நாளுக்கு ஆறு நடை. ஆறு இல்லையென்றால் வயலைத் திறப்பதில் பிரயோசனமில்லை என்று கம்பனி முதலிலேயே சொல்லியிருந்தது. திறந்தால் அந்த இரண்டு வருடமும் கதிர்காமநாதனுக்கு வேலை. திறக்காவிட்டால் செப்டெம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குப் பிறகு இந்த வயதில் எண்ணெய்க்காரனை ஆர் எடுக்கப்போகிறார்கள்?

கௌரி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிப் புரட்டி இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. இவருக்கு இரண்டு வருடம் உறுதியான அன்றைக்கே நின்றுவிடுவதென்று முடிவு. விலகல் கடிதத்தை எழுதி மேசை லாச்சியில் வைத்திருந்தாள். திகதி மட்டும் போடவில்லை.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. திட்டத்தின் பிரதியைப் பவுசர் ஓடப்போகும் வீதியில் இருப்பவர்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். ஒரு பண்ணைக்காரி மூன்று வரியில் பதில் போட்டிருந்தாள். "நீங்கள் வீதியை அளந்தது ஜூனில். ஜூனில் நான் கறப்பதில்லை. இப்போது வந்து பாருங்கள்."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அங்கே ஜூன் குளிர்காலம். மாட்டுப் பட்டி முழுவதும் ஒன்றாகப் பால் வற்றி நிற்கும். கன்று ஈனும்வரை கறவை இல்லை, வீதியைக் கடந்து கொட்டகைக்குப் போகும் வேலையும் இல்லை. அந்த மாதத்தில் இரண்டு நாள் காருக்குள் மணிக்கூட்டோடு இருந்து, வீதியில் தடையில்லை என்று எழுதியது அவரேதான். அன்று எடுத்த படங்களைத் திறந்தார். எதிரும் புதிருமாக இரண்டு வேலிப் படலைகள். நடுவே தாரின்மேல் காய்ந்த சேற்றுப் பட்டை. உழவுமெஷின் போன தடம் என்று அப்போது நினைத்திருந்தார்.

சனிக்கிழமை ஐந்து மணித்தியாலம் கார் ஓடிப் போனார். பின்னேரம் படலை திறந்தது. நானூற்றுப் பத்து மாடுகள். ஒன்றுக்கும் அவசரமில்லை. கடைசியாக ஒரு நொண்டி மாடு வந்தது. அதற்குப் பின்னால் நீண்ட றப்பர் பூட்ஸோடு அந்தப் பண்ணைக்காரி. மாட்டைத் தட்டவுமில்லை, விரட்டவுமில்லை. அது நின்றால் அவளும் நடுவீதியில் நின்றாள். பட்டி முழுவதும் கடக்க முப்பத்துநாலு நிமிடம்.

"நீதானா ஜூன் ஆள்?" என்றாள்.

"நான்தான்."

"காலையும் பின்னேரமும் கறக்கப் போகவர, நாளுக்கு நாலு தரம் இப்படி. மே மாதம் வரைக்கும். எழுதிக்கொள்."

எழுதிக்கொண்டார். எப்படிக் கூட்டினாலும் ஆறாவது நடை மாலை ஆறுக்குள் அடங்கவில்லை.

திங்கட்கிழமை ரங்கநாதனிடம் சொன்னார். திட்டத்துக்குப் பொறுப்பான மனேஜர், கோயம்புத்தூர்க்காரர். ஒக்லாந்தின் பிளாட் புஷ்ஷில் போன வருடம்தான் வீடு வாங்கியிருந்தார். கதவைச் சாத்திவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"கதிர் சார், ஓமான்ல ஒட்டகத்துக்குக்கூட டைம் விட்டேன்னு நீங்களே பெருமையா சொல்வீங்க. இங்க வந்து மாட்டைக் கோட்டை விட்டுட்டீங்களே."

"ஒட்டகம் றோட்டில நிண்டது, ரங்கன். மாடு ஜூனில வேலிக்குள்ள படுத்திருந்தது."

"சரி, இப்போதைக்கு ஆறுன்னே போகட்டும். அப்ரூவல் வந்ததும் திருத்திக்கலாம்."

"வந்த பிறகு ஆர் திருத்தினது?"

"ரோட்டுக்கு அடியில மாடு போறதுக்கு ஒரு வழி வெட்டிக் குடுத்துட்டா?"

"அதுக்கு ஒரு வருசம் வேணும்."

"அந்த ஒரு வருஷம் நீங்க இங்க இருக்க மாட்டீங்க, சார். அதைப் பத்தியும்தான் பேசிட்டிருக்கோம்."

கதிர்காமநாதனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. களைப்புத்தான் வந்தது. ரங்கநாதன் கெட்ட மனுசனில்லை. பத்துப் பேருடைய வேலை அவர் தலையில் இருந்தது.

"நான் ஆறு எண்டு எழுதினால் பவுசர் ஓடுறவன் ஆறு ஓடத்தான் பாப்பான்" என்றார். "வளைவால திரும்பேக்க நடுவில ஒரு மனுசி நிப்பாள், நொண்டி மாட்டுக்குப் பின்னால. நான் கண்டிட்டு வந்திட்டன், ரங்கன். காணாமல் விட்டிருந்தால் எழுதியிருப்பன்."

"எதுக்குப் போய்ப் பார்த்தீங்க?" என்றார் ரங்கநாதன். கேள்வியாகவும் இல்லை, திட்டாகவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அட்டவணையில் ஆறை ஐந்தாக மாற்றி, ஏன் என்று இரண்டு வரி எழுதி, ஜூனில் அளந்தது தன் பிழை என்று கீழே பெயர் போட்டு அனுப்பினார். வியாழன் மத்தியானம் கம்பனியின் பதில் வந்தது. அரை நாள் லீவு கேட்டார். உடனே கொடுத்தார்கள்.

லின்ஃபீல்ட் வீட்டில் கௌரி சீருடையோடு கதிரையில் இருந்தபடி முழங்காலுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்தாள். நேரத்தோடு வந்தவரை ஏறிட்டுப் பார்த்தாள்.

"மறுமொழி வந்திட்டுதோ?"

"ஓம். மாட்டுக்கு வழி வெட்டிப்போட்டு அடுத்த வருசம் பாப்பமாம்."

"அப்ப உங்களுக்கு?"

"செப்டெம்பரோட சரி."

அவள் மருந்துச் சிமிழை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. கழற்றித் திரும்ப மூடினாள்.

"எத்தினை மாடு எண்டு சொன்னனீங்கள்?"

"நானூற்றிப் பத்து."

"அந்த நொண்டி மாட்டையும் சேர்த்தோ?"

"ஓம். அதுக்குத்தான் கனநேரம்."

"ம்" என்றாள். "நீங்கள் கிணத்தடியில கால் வைக்காமலே வத்தினது இந்த ஒரு கிணறுதான்."

சிரிப்பு வந்தது அவருக்கு. பாதியில் நின்றுவிட்டது. "உமக்கு இண்டைக்கு வேலை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

"மூண்டுக்கு."

கையூன்றி எழும்பினாள். லாச்சியைத் திறந்து திகதி போடாத அந்தக் கடிதத்தை எடுத்தாள். கிழிக்கப் போகிறாள் என்று அவர் நினைத்தார். நல்ல தாள். மறுபக்கம் திருப்பி, சனிக்கிழமை வாங்க வேண்டிய சாமான்களை எழுதத் தொடங்கினாள். முதலில் முழங்கால் மருந்து.

அவர் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவள் சப்பாத்துக்குள் காலை விட நேரம் எடுத்தது.