மூன்றாகப் பிரிந்த புல்

மாலை மூன்று நாற்பது. ராஜபாளையத்தில் எங்கள் கல்லூரித் தாவரவியல் லேபில் உலர்ந்த செடிகளை ஸ்பெசிமன் ஷீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கயலின் பி.டி. டீச்சர் போன் செய்தார்.

"கோ-கோ ஆடும்போது புல்லுல விழுந்துட்டா சார். கண்ணத் தொறக்க மாட்டேங்கா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்."

பைக்கில் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

"முள்ளு மாதிரி ஒரு இழை கெடந்துச்சு. எடுத்தாச்சு சார்," என்றார் கண் டாக்டரம்மா.

கயல் ஒரு கண்ணை மூடியபடியே ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். உள்ளே ஒரு புல். "என்ன புல்லுன்னு கேப்பீங்கள்லப்பா, அதான்."

அந்த வலியிலும் சாம்பிள் எடுத்திருக்கிறாள், அதுவும் வேரோடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த மிதப்பில்தான் தவறினேன். சட்டைப் பையில் லென்ஸ் இருந்தும் எடுக்காமல், "ஊசிப்புல் டாக்டர். விதைக்கு ஒரே இழைதான் இருக்கும்," என்றேன்.

"அப்பச் சரி. சொட்டு மருந்து எழுதுறேன்."

மருந்துக்காகப் பெஞ்சில் காத்திருந்தோம். "இன்னும் உறுத்துதுப்பா," என்றாள் கயல். எதேச்சையாகப் புல்லைப் பார்த்தேன். மின்விசிறிக் காற்றில் காய்ந்து, ஒவ்வொரு விதையின் இழையும் மூன்றாகப் பிரிந்திருந்தது. இப்போதுதான் லென்ஸை எடுத்தேன். ஊசிப்புல் இல்லை, அரிஸ்டிடா! மணல் தரையில் ஒரு மழைக்கு முளைத்து அந்தப் பருவத்தோடு முடிந்துபோகும் மெல்லிய புல். ஈரம் இருக்கும்வரை மூன்று இழையும் சேர்ந்து ஒன்றுபோல் தெரியும். லென்ஸ் வைக்காமல் பெயர் சொல்லாதே என்று இருபது வருஷமாக மாணவர்களை விரட்டுகிறவன் நான்.

வரிசையைத் தாண்டி உள்ளே ஓடினேன். "ஏய்யா, நாங்கள்லாம் காத்து வாங்கவா உக்காந்திருக்கோம்?" என்றார் ஒரு பெரியவர்.

"டாக்டர், நான் சொன்னது தப்பு. இதுக்கு மூணு இழை. இன்னும் ரெண்டு உள்ள இருக்கலாம்."

"நான் பாத்தேன்ல சார்?"

"மேல் இமையத் திருப்பி ஒருதடவ பாத்துருங்கம்மா."

அவர் லென்ஸை வாங்கிப் புல்லைப் பார்த்தார். உடனே கயலை உள்ளே அழைத்துப் போனார். நான் கதவுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றேன்.

டாக்டரம்மா வெளியே வந்தார். பஞ்சில் இரண்டு இழைகள். "இமைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. கண்ணுக்கு ஒண்ணுமில்ல. புல்ல வேரோட கொண்டுவந்த பேஷண்ட்ட இன்னைக்குத்தான் பாக்கேன். என்ன பேரு சார் இந்தப் புல்லுக்கு?"

நான் வாயைத் திறந்தேன். கண்ணில் கட்டோடு பின்னால் வந்த கயல் முந்திக்கொண்டாள்.

"அப்பா, மொதல்ல லென்ஸ எடுங்க."