கடுகு கட்டிய முதுகு

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய இடம் இது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன நான் வாராவாரம் இங்கே வந்து உட்காருவதை எப்படித்தான் பொறுத்துக்கொள்கிறீர்களோ... மன்னிக்க வேண்டும். அதிலும் இன்றைக்கு வைத்தியம் பேசப்போகிறேன்!

போன ஞாயிறு சர்ச் விட்டு வரும்போது பாறசாலைக்காரி ஒருத்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். புருஷனுக்கு இடுப்புவலியாம். கடுகு அரைத்துக் கட்டலாமா, எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். நானோ சேலைத் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டேன்.

எல்லைக் கல் நடுவதற்கு முந்திய கதை. அப்போது இந்தப் பக்கம் மலையாளச் சர்க்காரிடம் இருந்தது; தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீடு பனச்சமூட்டுக்குப் பக்கம். வீட்டுக்காரர் தாசையன், அம்பூரியில் ரப்பர் வெட்டுகிறவர். ரப்பர்ப் பால் வாளியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊர்வலம் போன அன்று அவரால் கட்டிலைவிட்டு இறங்கக்கூட முடியவில்லை.

அந்த ஊர்வலத்தில் தடியடி.

அதே நாள் சாயந்திரம்தான் நான் கடுகை அம்மியில் அரைத்தேன். பழைய வேட்டியை நீளநீளமாகக் கிழித்து, விழுதைப் பூசி, முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் ஒட்டினேன். கால் மணி நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். எரிய எரியத்தான் வலி போகும் என்று நான் நினைத்தேன். அவரும் அப்படியே நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் — இரண்டு நீளச் சிவப்புத் தடிப்பு. கம்பால் அளந்து அடித்த மாதிரி.

மறுநாள் காலை போலீஸ் வீடு வீடாக வந்தது. ஆண்களைச் சட்டை கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தார்கள். முதுகில் தடிப்பு இருந்தால் அவன் ஊர்வலத்துக்குப் போனவன். ஸ்டேஷனுக்குப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று கேட்காதீர்கள்.

இவருடைய முதுகைப் பார்த்ததும் ஹெட் கான்ஸ்டபிள் சிரித்தார். "இது எந்தா? கொசு கடிச்சதோ?"

அந்நிய ஆண்கள் எதிரே வாய் திறக்காதவள் நான். அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ குரல்... "ஏமானே, அது கடுகாக்கும். நான் அரச்சுக் கட்டுனது. வேணுமெங்கி என் கையில வச்சுக் காட்டுதேன்."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் தருவதாகச் சொல்லி வாட்சைப் பார்த்தார்.

சீக்கிரம் பிடிக்க வேண்டுமே! அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை ஊற்றி அரைத்தேன். வெதுவெதுப்பாக இருக்கும்போதே முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒட்டினேன். ஐந்து நிமிஷம்... எட்டு நிமிஷம்... எரிச்சல் இல்லை. எடுத்துப் பார்த்தால் கை பழைய கையாகவே இருந்தது. வேலிக்கு அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்கள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தடியடிக்குப் பிறகு அவர்களில் சிலருடைய புருஷன்மார்களை யாரும் வெளியே பார்க்கவில்லை.

"ஒண்ணும் காணுன்னில்லல்லோ," என்று ஹெட் கான்ஸ்டபிள் எழுந்தார். இவருடைய கையைக் கட்டச் சொன்னார்.

சுவரைப் பார்த்து நின்ற என் வீட்டுக்காரர் திரும்பாமலே கேட்டார்: "ஏய்... வெந்நியா ஊத்துன? நேத்து பச்சத் தண்ணியிலல்லா அரச்ச?"

இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று கும்பிட்டேன். எதற்காகத் திரும்ப உட்கார்ந்தாரோ அந்த மனிதர், இன்றுவரை எனக்குத் தெரியாது. குடத்துத் தண்ணீரில் அரைத்தேன். அம்மியிலிருந்தே நெடி கிளம்பியது. ஹெட் கான்ஸ்டபிள் இரண்டு முறை தும்மினார். நேற்று கிழித்த வேட்டியின் மிச்சத் துண்டில் பூசி, கையில் ஒட்டினேன். சற்று நேரத்தில் தீ. அவர் போதும் என்று சொல்லும்வரை நான் எடுக்கவில்லை. பிறகு என் கையை இவர் முதுகோடு சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஒரே நிறம், ஒரே அகலம்.

போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் குடத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றினேன்.

மிஷன் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பின்னாளில் விளக்கினார். முழுக் கடுகில் அந்தக் காரம் கிடையாதாம். நசுக்கி, பச்சைத் தண்ணீர் பட்டால்தான் உண்டாகுமாம். கொதிநீர் பட்டால் அதை உண்டாக்குகிற சத்தே செத்துப்போகுமாம். முட்டைக்கோசு, முள்ளங்கி எல்லாம் அந்தக் குடும்பம்தானாம். சாப்பாட்டில் அளவோடு சேர்ந்தால் உடம்புக்கு நல்லது. தோலில் அளவு மீறினால் வெந்துவிடும். என் கையில் அந்தக் கறுப்புத் தழும்பு இன்னும் உண்டு.

ஆகவே பாறசாலைக்காரியே, பச்சைத் தண்ணீர். தோலுக்கும் விழுதுக்கும் நடுவே ஒரு துணி. கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பயத்தில் இருக்கும்போது அரைக்கவே வேண்டாம். பயந்தவள் கை கொதிக்கிற பானைக்குத்தான் போகும்... என் கை போயிற்றே!

போலீஸ் வந்துபோனதற்கு மறுநாள், வேலிக்கு அப்புறம் நின்ற பெண்கள் வாங்கிப்போனதில், பனச்சமூடு சந்தையில் ஒரு கடையிலும் கடுகு இல்லை.