கோழிக்கூட்டு மேல் கிடந்த டிக்கி மூடி

மோட்டார் இன்ஷூரன்ஸில் கிளெய்ம் பார்க்கிறவன் மேஜைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. அதிலும், தானே ஓட்டிப்போய் இடித்தவர் கொஞ்சம் அடக்கமாக வருவார். நிறுத்திவிட்டுப் போன காரை எவனோ இடித்துவிட்டான் என்று வருகிறவர், இடித்தவன் நான்தான் என்பது போலப் பார்ப்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு மாடி ஆபீஸில், அந்த மேஜை எனக்கு வாய்த்தது. நிழல் பார்த்துக் காரை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போய், திரும்பி வந்து தலையில் கை வைத்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

ஓட்டுநர் அப்போது எங்கே?

எங்கள் கிளெய்ம் பாரத்தை அச்சடித்தவருக்குக் கார் என்றால் ஓடும் என்று மட்டும்தான் தெரியும். நிற்கும் என்பது தெரியாது. 'விபத்தின்போது வாகனத்தின் வேகம் என்ன?' என்று ஒரு கேள்வி. 'விபத்தைத் தவிர்க்க ஓட்டுநர் எடுத்த முயற்சி என்ன?' என்று இன்னொன்று. எதையும் காலியாக விட்டால் மேலிடத்திலிருந்து பாரம் திரும்பி வந்துவிடும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிப் பேராசிரியர். வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்த அவருடைய ஃபியட்டை, வளைவில் திரும்பிய டவுண் பஸ் ஒன்று பின்பக்கத்தால் உரசி, ஹெட்லைட்டைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. வேகம் என்ற இடத்தில் பூஜ்யம் போட்டார். அடுத்த கேள்வியில் பேனா நின்றது. ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்று நான் கெஞ்சினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"ரெண்டாம் மாடியில பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கிட்டு இருந்தேன். அங்கன இருந்து என்னத்தத் தவிர்க்க? அப்படியே எழுதிக்கிடும்."

அப்படியே எழுதினேன். கிளெய்ம் பாஸாகிவிட்டது!

பச்சைக் கதவு

இது சேரன்மாதேவியில் நடந்தது. ஒரு பேங்க் அதிகாரி வெள்ளை மாருதியை வாய்க்கால் ஓரமாக நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறார். வைக்கோல் பாரம் ஏற்றி வந்த மாட்டுவண்டி கதவை நீளமாக உரசிவிட்டது. வண்டிக்கார விவசாயி ஓடிப்போகவில்லை. ஓடிப்போயிருந்தால் எனக்கு வேலை மிச்சம். அவர் வீட்டுக்குப் போய், பொங்கலுக்கு வாசல் கதவுக்கு அடித்ததில் மிஞ்சிய பெயின்டை எடுத்து வந்து, கீறல் கொஞ்சமும் தெரியாதபடி அடித்து வைத்துவிட்டார். அதிகாரி குளித்துவிட்டு வந்து பார்த்தால் வெள்ளைக் காருக்கு ஒரு கதவு பச்சை.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் கண்ணால் பார்த்து எழுதிய பிறகுதான் யாரும் வண்டியில் கை வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதுதான் முதல் விதி. இங்கே பார்ப்பதற்குப் பச்சைதான் இருந்தது. சர்வேயர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, அடியிலிருந்த கீறலைக் கண்டுபிடித்துக் கணக்கில் சேர்த்தார். அதிகாரியோடு விவசாயியும் ஆபீஸுக்கு வந்திருந்தார். "ஏன்யா இப்படிச் செஞ்சீரு?" என்று நான் எரிந்து விழுந்ததற்கு, அவர் கொஞ்சமும் அசராமல் பதில் சொன்னார்:

"இடிச்சத இடிச்சபடி விட்டுட்டுப் போறதுக்கு நாங்க என்ன அசலூர்க்காரங்களா?"

நான் கெடுத்த கிளெய்ம்

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பச்சைக் கதவுக் கதையைச் சொல்லி, "சர்வேயர் பாக்காம தொடாதீங்க" என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். பிரசங்கம் செய்கிறவனுக்கு ஒரு நாள் வரும் அல்லவா, எனக்கும் வந்தது.

சுடலைமுத்து டவுணில் டாக்ஸி ஓட்டுகிறவர். சொந்த வண்டி, ஒரே வண்டி, வெள்ளை அம்பாஸடர். அது ஓடினால்தான் வீட்டில் சோறு. டிக்கி மூடியில் தன் இரண்டு மகள்களின் பெயரை, 'கோமதி – பேச்சி' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருப்பார். தை மாசத்து முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தின் முன் நிறுத்திவிட்டுப் பந்திக்குப் போனார். பின்னால் வந்த வாழைத்தார் லாரி டிக்கியை நசுக்கிவிட்டது. லாரி டிரைவர் இறங்கி, பந்தியிலிருந்து ஓடி வந்த சுடலைமுத்துவிடம் தன் பேர் இசக்கி என்றும் ஊர் இன்னது என்றும் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

சுடலைமுத்து பாரம் கொடுத்தார். வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கும், சர்வேயர் வந்து பார்த்துக்கொள்வார் என்று அனுப்பி வைத்தேன். மூன்று நாள் கழித்து வந்து, "பாத்துட்டாரா அண்ணாச்சி? கல்யாணச் சவாரி வரிசையா நிக்கி" என்றார். சர்வே நோட்டைப் புரட்டினேன். 'வெள்ளை அம்பாஸடர், டிக்கி, பார்த்தாயிற்று' என்று இருந்தது. வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் சர்வேயர் வந்து, "சுடலைமுத்து வண்டி எங்க நிக்கி? நான் இன்னும் பாக்கலியே" என்றார். நான் படித்தது வேறு யாருடைய வெள்ளை அம்பாஸடருக்கோ எழுதிய வரி. நம்பரைப் பார்க்கவே இல்லை. அதற்குள் சுடலைமுத்து வண்டி புது மூடி போட்டு, பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை அழைப்புக்கே போய் வந்துவிட்டது.

சர்வே இல்லையென்றால் கிளெய்ம் இல்லை. செலவெல்லாம் அந்த மனிதர் தலையில், என் ஒரு வார்த்தையால். கிளெய்ம் கிடைக்காவிட்டால் என் வேலைக்கும் ஆபத்து. மேனேஜரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். நல்லவர், சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம் என்று தோன்றும்படி மெதுவாகக் கேட்டார்:

"பச்சைக் கதவு கதைய ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீரே வே, நீரே இப்படிப் பண்ணலாமா?"

மூடி போன இடம்

பழைய மூடியும், இடித்ததைப் பார்த்த ஒரு சாட்சியும் கிடைத்தால், காரணம் எழுதி மேலிடத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றார் மேனேஜர். சாயங்காலம் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். சுடலைமுத்து அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் போனேன். முழுதும் கேட்டவர், "நீங்க வேணும்னா செஞ்சிய? ஏறுங்க" என்று முன்கதவைத் திறந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டிங்கரிங் பட்டறையில் மூடி இல்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டீர்களா என்று கேட்டோம். பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இடிச்ச லாரிக்காரருதான் வண்டி எப்படி இருக்குன்னு பாக்க வந்தாரு. கோழிக்கூட்டுக்கு மூடி வேணும்னு கேட்டு, அதத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

இசக்கியின் கையெழுத்து

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். தன் குற்றத்துக்கு ஆதாரமான மூடியை எந்த டிரைவர் சுமந்துகொண்டு வந்து கொடுப்பான்? மறுநாள் காலையில் சுடலைமுத்து வண்டியிலேயே சேரன்மாதேவி தாண்டி இசக்கியின் ஊருக்குப் போனோம். வழியெல்லாம் எப்படிக் கெஞ்சுவது என்று எனக்குள் ஒத்திகை நடந்தது. வீட்டுக்குப் பக்கவாட்டில் கோழிக்கூடு. அதன் மேல் நசுங்கிய மூடி, மூடி மேல் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் 'கோமதி – பேச்சி'.

என் ஒத்திகை வீணானது. இசக்கி பாதி கேட்கும்போதே கல்லை இறக்கி வைத்தார். கூட்டின் மேல் ஒரு பலகையைப் போட்டுவிட்டு, மூடியைக் காரின் மேல் கேரியரில் கயிற்றால் கட்டி, சட்டையை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறிவிட்டார். எங்கள் ஆபீஸ் வராந்தாவில், கோழி எச்சத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, சர்வேயர் அந்த நசுங்கலை டேப் வைத்து அளந்தார். வாக்குமூலம் எழுதும் முன் மேனேஜர், "உம்ம முதலாளிக்குத் தெரியுமா வே? நாளைக்கு இந்தக் காகிதம் அவரு கைக்கும் போகும். உம்ம வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" என்று எச்சரித்தார். இசக்கி பேனாவைக் கேட்டு வாங்கினார்.

கிளெய்ம் பாஸாயிற்று. முதலாளி ஒரு வாரம் வைதுவிட்டு இசக்கியை வேலையில் வைத்துக்கொண்டார் என்று சுடலைமுத்து வந்து சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. வாக்குமூலம் எழுதிய அன்றைக்கு அந்த இரண்டு பேருக்கும் நான் வாய்விட்டு நன்றி சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்ததோடு சரி. இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அந்தக் காபியை ஆற்றிக்கொண்டே, ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, இசக்கி சொன்னது:

"காலையில கூட்டத் தொறக்கும்போதெல்லாம் அந்த ரெண்டு பிள்ளைய பேரத்தான் பாக்குதேன். பிள்ளையளுக்குத் துரோகம் பண்ணிட்டு, கோழி வளத்து என்ன செய்ய அண்ணாச்சி?"

இத்தனை வருஷம் இடிபட்டவர்களுக்காக வேலை பார்த்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலை எனக்கு நிலைத்தது, இடித்தவர் ஒருவர் தயவில்.