கல்சிப்பி நட்சத்திரம்

இன்னாசிமேரிக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். இல்லாவிட்டால், கூலிக்குக் கல்லுடைக்கிறவளுக்குக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் செய்யும் ஆசை எதற்கு? கைப்பழக்கமும் கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது.

நாற்பத்தாறாம் வருடம் அது. அரியலூருக்குக் கிழக்கே இருந்த அந்த ஊரில் மேலத்தெருவும் கீழத்தெருவும் கும்பிட்டது ஒரே ஏசுவைத்தான். ஆனால் வாசலில் மூங்கில் கம்பம் நட்டு நட்சத்திரம் ஏற்றுவது மேலத்தெருவுக்கு மட்டுமே உரியது. யார் போட்ட சட்டமோ, கீழத்தெருவில் ஒருவரும் அதை மீறியதில்லை.

இவள் மீறினாள். மூங்கிலைச் சீவிக் கட்டி, கஞ்சிப் பசையில் சிவப்புத் தாள் ஒட்டினாள். ஒரு முனை மட்டும் கோணிக்கொண்டு நின்றது. உள்ளே அகலை வைத்துக் கம்பத்தில் ஏற்றியதும் காற்று ஒரு வீசு வீசியது. கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் சாம்பல்.

புகையைப் பார்த்து மேலத்தெரு நாட்டாமை அருளானந்தம் வந்துவிட்டார். இன்னாசிமேரியின் புருஷன் மிக்கேல் அவருடைய பண்ணையாள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"கீழத்தெருவுல கம்பம் ஏறுற அளவுக்கு வந்தாச்சா? இனிமே ஒரு கம்பத்தப் பாத்தேன், மிக்கேலு, ஒனக்கு எங்கிட்ட வேலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வேணாம் மேரி, வுட்டுரு" என்று மிக்கேல் கெஞ்சினான்.

அவள் சாம்பலைக் கூட்டி அள்ளினாள். "கம்பந்தான வேணாங்கறாரு? தரையில வச்சிக்கறேன்."

அவள் கல்லுடைக்கும் காட்டில், கல்லாகிப் போன சிப்பிகள் சிதறிக் கிடக்கும். எந்தக் காலத்திலோ கடல் இருந்த இடமாம். உள்ளங்கை மாதிரி குழிந்த சிப்பிகளாகப் பார்த்து மடிநிறையப் பொறுக்கி வந்தாள். மண்ணெண்ணெய் ரேஷனில் கிடைத்தால்தானே? ஆமணக்கெண்ணெய் ஊற்றிப் பழந்துணித் திரி போட்டாள். பண்டிகைக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததும், வாசலில் கோலமாவால் நட்சத்திரம் இழுத்து, கோட்டின் மேல் சிப்பிகளை வரிசையாக வைத்து ஏற்றினாள். இந்தத் தடவையும் ஒரு முனை கோணல்தான். இருந்தால் இருக்கட்டும். நடுவில், தானே பச்சைக் களிமண்ணில் பிடித்த பாலன் ஏசுவைக் கிடத்தினாள். கீழத்தெருவே கூடிவிட்டது.

நாட்டாமையும் வந்தார். "அணைடி அத."

"நான் அணைக்க மாட்டேங்க. வேணும்னா நீங்க அணைச்சுக்குங்க. தண்ணி ஊத்துனா பாலன் கரைஞ்சிருவாரு. காலால மிதிக்கவும் கூடாது. முட்டி போட்டு, ஒவ்வொண்ணா ஊதுங்க."

கம்பத்து நட்சத்திரமாக இருந்தால் ஆளை விட்டு வெட்டிச் சாய்த்திருப்பார். கல்லுடைக்கிறவள் வாசலில் நாட்டாமை முட்டி போடுவதா? செருப்புக் காலோடு கோட்டுக்கு வெளியிலேயே நின்றார். பிறகு திரும்பி, "மிக்கேலு, நீ ஊது" என்றார்.

மிக்கேல் முட்டி போட்டான். நாட்டாமைக்கு அஞ்சாதவள், புருஷனின் அந்தக் குனிந்த முதுகைப் பார்க்கத்தான் பயந்தாள்.

மங்கி எரிந்த ஒரு சிப்பியின் பக்கம் அவன் குனிந்தான். விரல் நுனியால் திரியைத் தூண்டிவிட்டான்.

"அணையப் பாத்துச்சுங்க" என்றான்.

பண்டிகை முடிந்ததும் அவனும் அவளோடு கல்லுடைக்கப் போனான். பண்ணையில்தான் வேலை இல்லையே. மத்தியானம் கஞ்சி குடிக்கக் கூப்பிடப் போனவள், அவன் துண்டை விரித்துச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"நம்மகிட்டதான் இருக்கே, எதுக்கு?"

"நமக்கில்ல மேரி. தெருவுக்கு."