ஈரப் போறணை

சித்திரை வருஷப்பிறப்பு நெருங்கினால் பொல்கஹவெல கடைத்தெருவில் ஈ காக்கை இருக்காது. விமலரத்னவின் பேக்கரி ஆட்களும் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார்கள். அவன் மட்டும் இடுப்பில் கைவைத்தபடி வாசலில் நின்று, போகிறவர்களை ஏதோ புழு பூச்சியைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தியா லதா, கவுங் திங்க ஓடுறானுங்க. இந்த நாடு எப்பிடி உருப்படும்?"

உள்ளே கவுங் பலகாரத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்த சந்திரலதா சல்லடையை இன்னும் வேகமாகத் தட்டினாள். வியாபாரச் சங்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய யாரோ ஒருவன் வகுப்பெடுத்து, மந்தமான விடுமுறை நாட்களை வீணாக்காதவன்தான் முன்னுக்கு வருவான் என்று ஓதியனுப்பியிருந்தான். அன்றிலிருந்து இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

முன்னுக்கு வருவதற்கு விமலரத்ன இதற்கு முன்னும் குறைவாகப் பாடுபடவில்லை. கோழி வளர்த்தான், கோழியெல்லாம் செத்தது. காளான் போட்டான், காளானைத் தவிர எல்லாம் முளைத்தது. கடைசியில் சந்திரலதாவைக் கட்டினான், சீதனமாக இந்த பேக்கரி வந்தது. பாண் ரொட்டி சுடும் போறணை அடுப்பை அவளுடைய அப்பா தன் கையால் கட்டியிருந்தார். இவன் அதற்கு விறகு தள்ளியதுகூட இல்லை. ஆனால் யாராவது முதலாளி என்று கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்புகிற மிடுக்கு மட்டும் வந்துவிட்டது.

அவன் கணக்கில் ஒரே ஒரு நியாயம் இருந்தது, அதை அவளும் மறுக்கமாட்டாள். ஊருக்குப் போன சனம் தித்திப்புத் தின்று நாக்குச் செத்துத் திரும்பும். கடை திறக்கிற அன்று காலையில் சூடான பாணுக்கு அடித்துக்கொள்ளும். புது வருஷத்தின் முதல் கொடுக்கல் வாங்கலை எந்தக் கடையில் வைக்கிறார்களோ, வருஷம் முழுக்க அந்தக் கடைதான். போன வருஷம் பாதித் தெரு எதிர்க்கடை டிங்கிரிபண்டாவிடம் போய்விட்டது. இந்த முறையும் போனால் பேக்கரியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதற்கு இவன் கண்டுபிடித்த வழி, போறணையின் தளத்தைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடுவது.

"தளம் நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்? சும்மா இருக்கிற நாள்லதான் செய்யணும். எதிர்ல பாரு, டிங்கிரிபண்டா தொந்தியைத் தடவிக்கிட்டுக் குறட்டை விடுறான்!"

உண்மைதான். டிங்கிரிபண்டா சாய்வுநாற்காலியை விட்டு எழவில்லை. காலையில் ஒரு கட்டை, மாலையில் ஒரு கட்டை என்று தன் போறணைக்குள் போட்டுச் சூடு இறங்காமல் பார்த்துக்கொண்டதோடு சரி.

விடுமுறையில் உருப்படியான கொத்தனார் எவன் கிடைப்பான்? எந்த வீட்டிலும் சேர்க்காத பியதிஸ்ஸதான் கிடைத்தான். அந்தக் குடிகாரனுக்கும் தொழில் தெரிந்திருந்தது. களிமண்ணைக் குழைத்துச் செங்கல் பதித்துவிட்டு, "முதலாளி, இது காயணும். கொஞ்சம் கொஞ்சமா சிரட்டை நெருப்புப் போட்டுக் காய வைங்க. அவசரப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அதற்குள் பழைய வருஷம் முடிந்து புது வருஷம் பிறக்கும் இடைநேரம் வந்தது. தெருவில் மிச்சமிருந்தவர்களும் அடுப்பை அணைத்துவிட்டு விகாரைக்குப் போனார்கள். விமலரத்ன போகவில்லை. சுண்ணாம்பு வாளியும் கையுமாகச் சுவர் பூசினான். "நல்ல நேரம், கெட்ட நேரம்னு சொல்றதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவனுக்கு" என்று ஆளில்லாத தெருவைப் பார்த்து முழங்கினான்.

வாய் மட்டும்தான். அடுப்பு மூட்டும் சுபநேரம் நெருங்கியதும் சுண்ணாம்பு வாளியை வைத்துவிட்டு நைசாக உள்ளே போனான். குளித்தான். பஞ்சாங்கம் சொன்ன நீலநிறச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, தெற்குப் பார்த்துப் போறணை முன்னால் வந்து நின்றான். கையில் தீப்பெட்டி.

சந்திரலதா ஓடி வந்து தளத்தில் கையை வைத்தாள். "ஐயோ, அது இன்னும் ஈரம்! தொட்டுப் பாருங்க, கை ஒட்டுது!"

"தெரியும்டி. ஆனா இந்த நேரம் போனா அடுத்த வருஷம்தான் வரும்."

"இப்பதானே வேலை வெட்டி இல்லாதவனுக்குன்னீங்க!"

"அது வேற, இது வேற. வருஷத்துக்கு முதல் நெருப்பு. குறைச்சலா வைக்கக்கூடாது." ரப்பர் விறகை வாய்வரை அடுக்கினான். தெருவெல்லாம் பட்டாசு வெடித்த அதே நிமிஷத்தில் கொளுத்தினான்.

அவள் தடுத்திருக்கலாம். கையைப் பிடித்திருக்கலாம். நல்ல நேரத்தில் மூட்டிய நெருப்பை அணைக்க அவளுக்கும் கை வரவில்லை. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குத் தன்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

பாற்சோற்றைத் தட்டில் வைத்தபோது 'டமார்' என்றது. இன்னொன்று. பிறகு சரசரவென்று ஏதோ சரிந்தது. ஈரச் செங்கல் வெடித்துத் தளம் கிளம்பி, அவள் அப்பா எழுப்பிய வளைவு நடுவில் பிளந்து உட்கார்ந்துவிட்டது.

எதிர்த் திண்ணையிலிருந்து டிங்கிரிபண்டா கத்தினான்: "என்ன முதலாளி, உங்க வீட்டுப் பட்டாசு இன்னும் முடியலையா?"

கடை திறக்கும் நாள் காலையில் விமலரத்னவின் பேக்கரி வெள்ளைவெளேரென்று பளபளத்தது. கண்ணாடி அலமாரியில் ஒரு பாண் கிடையாது. ரயிலிறங்கி வந்த சனம் வெற்றிலையில் காசை வைத்து டிங்கிரிபண்டாவின் கையில் கொடுத்தது, ஒவ்வொருவராக, சிரித்த முகத்தோடு. வாசலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்த விமலரத்னவுக்குச் சிலர் பதிலுக்குக் கும்பிட்டார்கள். அவ்வளவுதான்.

வீட்டில் கவுங்கும் தீர்ந்து, சாப்பிட ஒன்றுமில்லை. சந்திரலதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். வரிசையில் நின்றாள். தெருவே பார்த்தது. டிங்கிரிபண்டா இருப்பதிலேயே பெரிய பாணாக எடுத்துக் கொடுத்தான். கேலி செய்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

அறுத்துத் தட்டில் வைத்தாள், தேங்காய்ச் சம்பலோடு. விமலரத்ன இரண்டு துண்டை வாயில் அடைத்து மென்று, தலையை ஆட்டினான்.

"உப்புப் பத்தலை. மாவும் சரியாப் பொங்கலை. இவனுக்குத் தொழில் தெரியாது."

சந்திரலதா அவனை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.