கழுத்துச் சுளுக்கும் என் இடது காலும்

நான் பிறந்தபோது தலை முதலில் வரவில்லையாம், கால்தான் வந்ததாம். தாராபுரத்துப் பக்கம் எங்கள் வீட்டில் அம்மா இதைப் பெருமையாகவும் சொல்வாள், கோபம் வந்தால் குத்திக்காட்டவும் சொல்வாள். "பொறக்கையிலயே ஒதைச்சுக்கிட்டு வந்தவ" என்பாள். எங்கள் பக்கம் அப்படிப் பிறந்தவர்களுக்கென்று ஒரு வேலை உண்டு. யாருக்காவது கழுத்திலோ முதுகிலோ சுளுக்குப் பிடித்துக்கொண்டால், அங்கே எண்ணெய் தடவிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். காலால் பிறந்தவர் தன் இடது காலால் மூன்று தடவை நீவிவிட வேண்டும். சுளுக்கு இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. சின்ன வயதில் எத்தனை பேர் கழுத்தில் கால் வைத்தேனோ, எனக்கே நினைவில்லை. கல்யாணமானதோடு அதெல்லாம் நின்றுபோயிற்று.

அந்தக் கல்யாணம் மூன்று வருடம்கூட ஓடவில்லை. பிரிந்து வந்துவிட்டேன். அம்மாவும் செத்துப்போயிருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு லைன் வீட்டில் தனியாகக் குடியிருந்தேன். ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு வீடுகள், நடுவில் பொதுக் குழாய். என்னுடையது கடைசி வீடு.

அங்கே யாரும் என்னை ஒரு சொல் தப்பாகப் பேசியதில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன், அந்த வாய் எனக்கு உண்டு. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களிடம் மரியாதைக்கு மட்டும் குறைச்சலே இருக்காது. "சாப்டாச்சுங்களா அம்மணி?" என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு என் வாசல்படியைத் தாண்டாமல் போய்விடுவார்கள். ஒரு வளைகாப்பு என்றால் மற்ற ஐந்து வீட்டுக்கும் அழைப்புப் போகும், புருஷனை விட்டு வந்தவளுக்குப் போகாது. ஒரு திங்கட்கிழமை காலை பஸ்ஸில் டிக்கெட் கேட்டபோது தொண்டை அடைத்துக்கொண்டு குரலே வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலத்துக்குப் பிறகு அப்போதுதான் வாயைத் திறக்கிறேன் என்று புரிந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

முதல் வீட்டு அக்காவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது அதற்குச் சில நாள் கழித்துத்தான். குழாயடியில் யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்ப முடியாமல், குடத்தோடு உடம்பையே முழுசாகத் திருப்பிப் பார்த்தார். எனக்கு என்ன தோன்றியதோ, "நான் காலால பொறந்தவங்கக்கா" என்று சொல்லிவிட்டேன்.

அன்று பொழுதோட, விளக்கு வைக்கிற நேரத்துக்கு, எண்ணெய்க் கிண்ணமும் பாயுமாக என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். வயதில் மூத்தவர் மேல் கால் வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"எப்பிடீங்கக்கா, பெரியவங்க மேல…"

"அது கால் இல்லீங்க அம்மணி, மருந்து. சும்மா வெய்யுங்க" என்று குப்புறப் படுத்தார்.

மூன்று தடவை நீவினேன். பிறகு அவர் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் அக்கா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டி, காம்பவுண்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்.

அப்புறம் என் வீட்டுக் கதவுக்கு ஓய்வே இல்லை. தலைகாணி சரியில்லாமல் பிடித்துக்கொண்ட கழுத்து, குடம் தூக்கிப் பிடித்துக்கொண்ட கழுத்து, பஸ் பிரேக் போட்டதில் வெட்டிக்கொண்ட கழுத்து என்று வந்தார்கள். வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். நான் ஆறு டம்ளர் புதிதாக வாங்கிவைத்தேன். சுளுக்கே இல்லாமல் சும்மா வருகிறவர்களும் இருந்தார்கள். ஒரு சீமந்தத்துக்கு எனக்கும் அழைப்பு வந்தது. பட்டுப்புடவையை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டு போனேன்.

இதற்கு நடுவில் என் கழுத்தே போய்விட்டது. மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனியில் எனக்கு டிரேசர் வேலை. என்ஜினியர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, அந்தக் கோடுகளை மையில் இழுத்தெடுக்க வேண்டும். ஒரு கோடு பிசகினாலும் தாள் வீண். எட்டு மணி நேரமும் தலை குனிந்தது குனிந்தபடிதான். பின்னங்கழுத்தில் ஆரம்பித்த வலி தோள்பட்டை வரைக்கும் இறங்கி, காலையில் தலை வாரக் கையைத் தூக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் நீவி உடறீங்க, உங்களுக்கு யாருங்க கால் வெக்கறது?" என்று மூன்றாம் வீட்டு அம்மா கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "கையாலாவது தேச்சு உடட்டுங்களா" என்று அவர்களில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் உண்டு.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். கழுத்தை மெதுவாகத் திருப்பிப் பார்த்தார். தன் விரலைப் பிடித்து இறுக்கச் சொன்னார். கை மரத்துப்போகிறதா, பிடித்த சாமான் நழுவுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"நாள் முழுக்கக் குனிஞ்சே இருந்தா கழுத்து என்னதான் பண்ணுமுங்க? அரை மணிக்கு ஒருக்கா எந்திரிச்சு நடங்க. பலகையைச் சாய்ச்சு ஒசரத்துல வெய்யுங்க. தலைகாணி சன்னமா இருக்கட்டும். பொழுதோட சுடுதண்ணிப் பை வெச்சு ஒத்தடம் குடுங்க" என்றார். சில பயிற்சிகளும் சொல்லிக்கொடுத்தார்.

நான் மெல்ல, "நீவி உட்டா நல்லதுங்களா?" என்று கேட்டுவைத்தேன்.

"சாதாரணப் பிடிப்புன்னா அதுபாட்டுக்கு ரெண்டு மூணு நாள்ல உட்டுருமுங்க, நீவுனாலும் நீவாட்டியும். ஆனா கை மரத்து, பிடி தளருதுன்னா அது நரம்பு சமாச்சாரம். அப்ப யாரையும் அமுக்க உட்டுறாதீங்க. கை வெளங்காமப் போனாலும் போயிரும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. மூன்று நாளில் தானாக விட்டுவிடுமாமே! அப்படியானால் என் கால் எதற்கு? இதைக் காம்பவுண்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என் கதவை நானே சாத்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும். தப்புத்தான், ஆனால் அந்த ஆறு டம்ளரும் மறுபடி காலியாகக் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வந்தவர்களிடம் கை மரத்துப்போகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கால் வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் வீட்டு அக்கா தன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். அதிகம் பேசாத மனிதர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கூடவே மூன்றாம் வீட்டு அம்மாவும் வந்து உட்கார்ந்தார். பாயை விரித்தாயிற்று, எண்ணெய் சுட வைத்தாயிற்று. அண்ணன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். டம்ளர் அவர் வலது கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"ஒரு வாரமா இப்பிடித்தானுங்க. ரெண்டு வெரலு மரத்துக் கெடக்குது" என்று சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றிக் குப்புறப் படுத்துவிட்டார்.

"இதுக்கு நான் கால் வெக்கக் கூடாதுங்கண்ணா. டாக்டர்கிட்டப் போங்க" என்றேன்.

"டாக்டர்கிட்டப் போனா ஊசி போட்டு லீவு போடச் சொல்லுவாங்க. நீங்க ஒருக்கா வெச்சீங்கன்னா எறங்கீருமுங்க" என்றார் பாயில் முகத்தை வைத்தபடியே.

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. "எத்தன பேருக்குப் பண்ணுனீங்க. எங்க ஊட்டுக்காரருக்குன்னா மட்டும் மாட்டீங்களாக்கும்?"

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "டாக்டருக்கு இந்த வைத்தியமெல்லாம் என்னங்க தெரியும்" என்றார் மூன்றாம் வீட்டு அம்மா. அக்கா எழுந்துகொண்டார். "சரி உடுங்க. சத்தியமங்கலத்துப் பக்கம் ஒருத்தரு கழுத்தத் திருகிச் சொடக்கெடுத்து உடறாராமா. அங்கயே போய்க்கறோம்."

திருகுவதா? அந்தக் கழுத்தையா? நான் மாட்டேன் என்றால் அவர்கள் கேட்கப் போவதில்லை. அவர்களுக்கு டாக்டர் மேல் நம்பிக்கை இல்லை, என் மேல் இருந்தது. அந்த நம்பிக்கைதான் அண்ணனைப் பாயில் படுக்க வைத்திருந்தது. அதை உடைக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது.

"நான் காலால பொறந்தவளே இல்லீங்கக்கா" என்றேன். "பொய் சொல்லிப்போட்டனுங்க."

அக்கா புரியாமல் பார்த்தார். "அப்பறம் என்ற கழுத்து எப்பிடிச் சரியாச்சு?"

"தானாச் சரியாச்சுங்க. எல்லாத்துக்கும் தானாத்தான் உட்டுச்சு. சாதாச் சுளுக்குன்னா யாரும் தொட வேண்டியதே இல்லீங்க, மூணு நாள்ல எறங்கீரும். அண்ணனுக்கு ஒரு வாரமாகியும் எறங்கலியே, அது சுளுக்கே இல்லீங்கக்கா."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். ஒரு கையால் தடுமாறிச் சட்டையை மாட்டினார். பட்டன் போட விரல் வரவில்லை. அக்கா குனிந்து போட்டுவிட்டார், அப்போதுதான் அந்த விரல்களை அவரும் சரியாகப் பார்த்தார் போலிருக்கிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. மூன்றாம் வீட்டு அம்மா மட்டும் கதவருகே நின்று, "இத்தன நாளா எங்க கழுத்து மேல கால வெச்சீங்களே, அம்மணி" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அந்த "அம்மணி"க்குப் பதில் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் அண்ணனை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். கழுத்து எலும்புகளுக்கு நடுவிலிருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். இதையெல்லாம் யாரும் எனக்கு வந்து சொல்லவில்லை, குழாயடியில் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். தினமும் போய், தாடையில் வாரை மாட்டி எடை தொங்கவிட்டுக் கழுத்தை இழுக்கும் சிகிச்சை நடந்தது. வேலைக்குப் பல வாரம் லீவு. கொஞ்சம் கொஞ்சமாக விரலில் உணர்வு வந்தது. ஒரு நாள் அவர் அந்தக் கையாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அன்று வீட்டுக்குள் வந்து, தனியாக உட்கார்ந்து, சந்தோஷத்தில் அழுதேன். சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

"சாப்டாச்சுங்களா?" மட்டும் பழையபடி நடந்தது.

ஒரு நாள் வெடியால, பொழுது விடிந்ததுமே, அக்கா என் வாசல்படிக்கு வந்து நின்றார். "உள்ள வாங்கக்கா" என்றேன். அவர் வரவில்லை.

"பட்டையக் கழட்டியாச்சுங்க. வேலைக்குப் போயிட்டாரு. கழுத்துல மட்டும் லேசா ஒரு பிடிப்பு மிச்சம் இருக்குது. எவனாச்சும் அமுக்கியிருந்தா கையே போயிருக்கும்னு டாக்டரு சொன்னாருங்க. நல்லவேளை, அன்னைக்கு நீங்க உண்மைய ஒத்துக்கிட்டீங்க."

இல்லீங்கக்கா, அன்றைக்குச் சொன்னதுதான் பொய் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நான் எப்படிப் பிறந்தேன் என்று சாட்சி சொல்ல அந்தக் காம்பவுண்டில் ஒருத்தரும் இல்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தால் அக்கா நம்பிவிடுவார், எனக்குத் தெரியும். நம்பினால் உள்ளே வந்து உட்காருவார். நாளைக்கே, அந்த மிச்சம் இருக்கிற பிடிப்புக்கு ஒருக்கா கால் வையுங்க என்று அண்ணனையும் கூட்டிக்கொண்டு வருவார்.

வாயை மூடிக்கொண்டேன்.

"இனி எங்க குடி போனாலும் அப்பிடி ஒரு பொய்யச் சொல்லீராதீங்க, அம்மணி" என்றார் அக்கா. "நாங்களா இருக்கப்போயிப் பொறுத்துக்கிட்டோமுங்க."

"சொல்லமாட்டனுங்கக்கா" என்றேன்.